மேகம் அணைத்த சுவிட்ச்

அண்ணிக்குப் பயிற்சிக்கூடத்தில் வைத்த பெயர் ‘மேகராணி’. மொட்டைமாடியில் சூரியத் தகடுகளைப் பற்றிப் பாடம் நடக்க, அவள் பாட்டுக்கு அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கட்டுமே, என்ன கெட்டுப்போச்சு? கேன்டீனில் ஜன்னலே இல்லாத பின்கட்டில் வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தவள். தேறிவிட்டால் இனிக் காலமெல்லாம் கூரைமேல்தான் வேலை. அந்த நினைப்பிலேயே பாதி மிதந்துகொண்டிருந்தாள்.

கூடப் படித்த நாத்தனாரும் அதே பின்கட்டுதான். ஆனால் கை துறுதுறு, வாய் அதைவிட.

தேர்வு நடத்த வந்த அதிகாரி கறாரானவர். ஒருவர் செய்யும்போது இன்னொருவர் பேசினால், பேசியவருக்குத் தேர்வே கிடையாது என்றார். முதலில் நாத்தனார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தகட்டின் பிளக்கைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நெருப்புப் பறந்து கையைப் பதம் பார்த்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஒரு கருமேகம் வந்து கவிந்தது. மாடியே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மங்கியது. மீட்டரில் எண் கடகடவென்று இறங்கியது. அதான் மேகமே அணைத்துவிட்டதே என்று நினைத்தாள் அந்த அவசரக்குடுக்கை. சுவிட்சை விட்டுவிட்டு நேரே பிளக்கைப் பிடித்தாள். அதிகாரி குனிந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி வழக்கம்போல் வானத்தில் இருந்தாள். மேகத்தின் ஓரம் வெளுத்தது. தூரத்துக் கூரைகளின்மேல் வெயில் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தாவித் தாவி வந்தது. பார்க்க அத்தனை அழகு. அடுத்தது இந்த மாடிதான். அண்ணியின் கண் சட்டென்று பிளக்கைப் பிடித்திருந்த கைக்கு இறங்கியது.

“கைய எடுடீ!”

நாத்தனார் வெடுக்கென்று கையை இழுக்கவும் வெயில் வந்து கொட்டவும் சரியாக இருந்தது. மீட்டரில் எண் எகிறியது.

“நீங்க ஃபெயில்” என்றார் அதிகாரி நாத்தனாரிடம். பிறகு அண்ணியிடம் திரும்பினார். “நல்ல காரியம்தாம்மா. ஆனா பேசிட்டீங்களே. அடுத்த பேட்ச்ல பாக்கலாம்.”

சட்டமாம் சட்டம்! தீயில்தான் போட வேண்டும்.

மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். திரும்பவும் அந்தப் பின்கட்டு.

“நீங்க வாய மூடிட்டு இருந்திருக்கலாம் அண்ணி.”

“இருந்திருக்கலாம். கையக் காட்டு.” ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். “எல்லாம் இருக்கு. போ.”

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். “அடுத்த பேட்ச் வரைக்கும் பாத்திரம் பூரா நான் தேய்க்கறேன். நீங்க வெளியில நின்னு வானத்தப் பாருங்க.”