சேதத்துக்கான காரணம்

அந்தப் பேனாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். பச்சை உடம்பு, தங்க முள், மூடியில் மெல்லிசாக ஒரு வளையம். என் கணவர் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த அலுவலகத்திலிருந்து இந்தக் கோடிக்கு மாற்றலாகி வந்தபோது, அங்கே அவருடைய பிரிவுக்கு மேலதிகாரியாக இருந்தவள் கொடுத்த பரிசு அது.

அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கழுத்தை நீட்டி, அடி எடுத்து வைத்து, நின்று நின்று நடப்பாள். பின்னால் ஊரே பார்க்கிறது என்கிற நினைப்பு. அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் வீட்டில் ‘மயில்’ என்று பெயர். வைத்தது நான்தான். அவர் மட்டும் விடாமல் ‘மேடம்’ என்பார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேனாவுக்குக் குளியல் நடக்கும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், துடைக்க மெத்தென்று ஒரு துணி, ஜன்னலோரம் காற்று. ஒரு தடவை நான் காய்ச்சலில் மூன்று நாள் சுருண்டு கிடந்தபோது, “வெந்நீர் வேணும்னா ஃபிளாஸ்க்ல இருக்கு பாரு” என்று கதவுக்கு வெளியே நின்றபடி சொன்ன மனுஷர் இவர்தான். எனக்கு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் அதைக் கழுவிக் காயவைத்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனார். நான் தையல்காரி. கடையில் வாங்கிய உடுப்புகளை ஆளுக்கு ஏற்றபடி பிடித்துக் கொடுப்பது என் தொழில். மெஷின் முன்னறையில்தான் இருக்கிறது. ஒரு பேன்ட்டின் இடுப்பளவைக் குறிக்க எதுவும் கைக்கு அகப்படவில்லை. சத்தியமாக அளவு குறிக்கத்தான் அதை எடுத்தேன். மைப்புட்டியில் தொட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் ‘32’ என்று எழுதினேன். அடேயப்பா, என்னமாய் வழுக்கிக்கொண்டு போகிறது! இந்தச் சுகத்துக்குத்தான் இவர் இதைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாரா? அதற்குக் கீழே ‘மயில்’ என்று எழுதினேன். ‘ல்’லுக்குப் புள்ளி வைக்கும்போது கை அழுத்திவிட்டது. கை என்ன கை, நான்தான் அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முள் காலைப் பரப்பிக்கொண்டு நின்றது.

அப்புறம்தான் அவர் வந்தால் என்ன சொல்வது என்று தோன்றியது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. பொடித் தையலைப் பிரிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். சின்னக் குறடில் துணியைச் சுற்றி, முள்ளின் இரண்டு கால்களையும் மெல்லச் சேர்த்துப் பிடித்தேன். மெஷினில் நூல் ஓடும் தட்டுகளுக்கு நடுவே அழுக்கு அடைத்தால் ஒரு நூலை விட்டு முன்னும் பின்னும் இழுப்போம். அதையே இங்கேயும் செய்தேன். மெஷினில் கோத்திருந்த சிவப்பு நூலில் ஒரு சாண் அறுத்து, முள்ளின் நடுக்கீறலில் விட்டு இழுத்தேன். பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தால் காகிதத்தையே கிழிக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அவர் வந்து, மை நிரப்பி, ஒரு கோடு இழுத்ததுமே முகம் மாறிவிட்டது.

“என்ன ஆச்சு இதுக்கு?”

“துடைச்சு வைக்கலாம்னு எடுத்தேங்க. கை தவறி விழுந்துடுச்சு.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேடம் வீட்டுலயே பேனா ரிப்பேர் பண்ணுவாங்க. பொழுதுபோக்கு அவங்களுக்கு. இன்னைக்கு லீவுதான், வீட்டுலதான் இருப்பாங்க. கொண்டு போனா சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்! வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே! அவள் தனியாக இருக்கிற வீடு. ஒரே விளக்கு, ஒரே மேஜை. அவள் முள்ளை நிமிர்த்த, இவர் எழுதிக் காட்ட, “இன்னும் கொஞ்சம்”, “இப்ப பாருங்க” என்று இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

“வீட்டு வைத்தியம் எல்லாம் வேணாம்,” என்றேன். “தங்க முள்ளு. பண்ணின கம்பெனிக்கே அனுப்புங்க.”

“ஒரு மாசத்துக்கு மேல ஆகும்டி.”

“ஆகட்டும். அவங்க கை வச்சு உடைஞ்சு போச்சுன்னா யாரைக் கேப்பீங்க? மேலதிகாரிகிட்ட சண்டைக்கா போவீங்க?”

பேனாவை மூடி என் கையில் வைத்தார். “சரி. நீயே அனுப்பிடு,” என்றார்.

கம்பெனி படிவத்தை நான்தான் நிரப்பினேன். ‘சேதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘கீழே விழுந்தது’ என்று எழுதி, மறுநாள் காலையிலேயே பார்சலும் போட்டேன். ஐந்து வாரம் அவர் சாதாரண பால்பாயின்ட் பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்துக்கும் ஓய்வு. அந்த ஐந்து வாரமும் நான் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தேன்.

நேற்று மத்தியானம் நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்து என் தையல் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பிரித்த பார்சல். பேனாவைத் தொடக்கூட இல்லை. ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

‘முள்ளின் நுனி நசுங்கவில்லை. கீழே விழுந்ததற்கான அறிகுறி இல்லை. எழுதும் நிலையில் பலமாக அழுத்தியதால் கால்கள் இரண்டும் விரிந்துள்ளன. பக்கங்களில் குறடு பதிந்த தடம் உள்ளது. முள்ளுக்கு அடியில் உள்ள நாக்கில் சிவப்பு நூலிழை சிக்கியிருந்தது. எடுத்து இத்துடன் இணைத்துள்ளோம். புது முள் பொருத்தப்பட்டது.’

ஒரு குட்டிப் பிளாஸ்டிக் உறையில் அந்த நூலையும் வைத்து அனுப்பியிருந்தார்கள், பாவிகள்! அவர் மெஷினில் இருந்த சிவப்பு நூல்கண்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“விழுந்துச்சுன்னு சொன்னே.”

கோபம் வந்தால் எனக்கு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும். “ஆமா, நான்தான் அழுத்தினேன்! அவ பேரை எழுதி அது மேலயே குத்தினேன். இப்ப என்னங்கறே? வாரம் தவறாம அதைக் குளிப்பாட்டறியே, நான் கண்ணு அவிஞ்சா கிடக்கேன்? அவ மேல உனக்கு ஆசையா? அதைச் சொல்லு முதல்ல.”

சிரித்து மழுப்புவார், ‘பைத்தியமா உனக்கு’ என்று எழுந்து போவார் என்று நினைத்தேன்.

“இருந்துச்சு,” என்றார்.

கையிலிருந்த பை நழுவிவிட்டது. நூல்கண்டுகள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. யாரும் எடுக்கவில்லை.

“அதனாலதான் மாற்றல் கேட்டு வாங்கினேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கிளம்பறவங்க எல்லாருக்கும் ஏதாவது குடுப்பாங்க, அந்த மாதிரி குடுத்ததுதான்.”

வாய் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷர்? இத்தனை நாள் பொறாமைப்பட்டபோதெல்லாம், மனதின் ஒரு மூலையில் ‘அப்படியெல்லாம் இருக்காது’ என்று ஒரு தைரியம் இருந்தது. அது போய்விட்டது.

“தப்பிச்சு வந்தவன், ரிப்பேருக்கு அவ வீட்டுக்குப் போறேன்னு எதுக்குச் சொன்னே?”

மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நீ வேணாம்னு சொல்லணும்னுதான் உன்கிட்ட சொன்னேன்.”

“நான் சரின்னு சொல்லியிருந்தா?”

“போயிருப்பேன்.”

எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டேன். மணி நாலுகூட ஆகவில்லை. பேன்ட் வாங்க ஆள் வருகிற நேரம். வரட்டும், நிற்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.

“இப்ப சொல்லுங்க,” என்றேன். “முதல்லேர்ந்து.”