கிழக்கு வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தரணி எலுமிச்சை இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் பத்து வருஷமாக ஃபைனல் செக்கிங் பார்ப்பவள். டீசர்ட்டை உள்ளும் புறமும் புரட்டுகிற மாதிரியே இலையையும் புரட்டினாள். துணியில் பழுது கண்ட இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் இடக்கையில் இருந்தன. மரத்துக்குப் போய் யாராவது ஸ்டிக்கர் ஒட்டுவார்களா என்றால், தரணி ஒட்டுவாள். பத்து மணிக்கு ஜேசிபி வருகிறது.

நாற்பத்தைந்து மரம், மூன்று வரிசை. தோட்டமும் வீடும் புருஷன் கதிர்வேல் வழி வந்தவை. அவள் ஆசைப்பட்டு வைத்தது இந்த எலுமிச்சைதான். போன மழையில் காற்றோடு சொறி நோய் வந்து சேர்ந்தது. பாக்டீரியா வேலை. இலையிலும் காயிலும் மஞ்சள் வளையம் கட்டிய சொரசொரப்புப் புள்ளிகள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நிட்டிங் மெஷினுக்கு ஷெட் போடுவதென்று கதிர்வேல் முடிவு செய்துவிட்டான். காரணம் காட்டினால் கேட்கிற ஆள்தான். காட்டத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை.

மரத்துக்குப் பத்து இலை பார்த்தாள். மேற்கு வரிசை முழுக்க அம்பு. நடு வரிசையும் அதே கதி. கிழக்கு வரிசை முதல் மரத்தில் இரண்டே அம்பு. அடுத்ததில் ஒன்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐந்தாவது மரத்தின் கொழுந்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது! ஒரே நாற்று, ஒரே தண்ணீர், ஒரே எரு. ஒரே லாட் துணி இரண்டு விதமாக வந்தால் கம்பெனியில் அவள் யாரையும் சும்மா விடமாட்டாள்.

"வேலாத்தாக்கா! இந்த வரிசைக்கு மட்டும் என்ன பண்ணுனீங்க?"

தோட்டம் பார்த்துக்கொள்ளும் வேலாத்தாள் தண்ணீர் ஓஸ் பைப்பைக் கீழே போட்டாள். "சொன்னா வைவீங்க அம்மணி."

"வையலைங்க. சொல்லுங்க."

"நாத்தோட வந்த பாக்கெட்டுங்க. நீங்க குப்பைல கொட்டச் சொன்னீங்க. மண்ணு வாசம் நல்லா இருந்துச்சு, கொட்ட மனசு வரலைங்க. இந்த வரிசையில குழிக்கொரு புடி போட்டனுங்க."

தரணிக்குக் காது வரை சூடேறியது. நாற்றுப்பண்ணை செல்வக்குமார் நாற்று கொடுத்த அன்றைக்கே சொன்னார்: "வேர் உட்பூசணமுங்க. வேரோட சேந்துக்கிட்டு மரத்துக்குச் சத்து எடுத்துக் குடுக்கும். மரத்தயும் உசுப்பி வெச்சுரும். கிருமி எலைக்கு வந்தா மரமே எதுத்து நிக்கும்." பூசணம் என்றதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாதம்தான் துணியில் பூசணம் பூத்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்திருந்தது. "அது ஆகாதுன்னு பொட்டிக்குப் பொட்டி ஈரம் உறிஞ்சற சிலிக்கா பாக்கெட் போடறனுங்க. நானே கொண்டாந்து குழில போடோணுமா?" என்று வாயை அடைத்துவிட்டாள். புத்திசாலிதான்! துணியில் பூப்பதும் வேரில் குடியேறுவதும் ஒன்றென்று நினைத்த மகா புத்திசாலி. மிச்சமிருந்த கடைசி அம்பை உரித்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள். வெட்கம் ஒரு பக்கம். சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. செல்வக்குமாருக்குப் போன் போட்டாள்.

ஜேசிபி வந்தபோது வேலாத்தாள் மூட்டிய தீயில், வெட்டிப்போட்ட சொறிக் கிளைகள் அம்புகளோடு எரிந்துகொண்டிருந்தன. கதிர்வேல் பைக்கிலிருந்து இறங்கினான்.

"ஏந் தரணி, இதென்ன கூத்து?"

"கெழக்கு வரிசையப் பாத்துப்போட்டு வந்து பேசுங்க."

பதினைந்து மரத்தையும் நடந்து பார்த்துவிட்டு வந்தான். "இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"வேர்ல பூசணம் இருக்குதுங்க, நல்ல பூசணம். மத்த முப்பதுக்கும் கெடைக்க வேண்டியத நாந்தான் கொட்டச் சொன்னேன். தப்பு என்னோடதுங்க."

பத்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவன் கேட்டிராத சொல் அது.

"இப்பப் போட்டாப் பொழைக்குமா?"

"கெளய வெட்டி எரிச்சுப்போட்டு, கெழக்கு வரிசை வேர்மண்ண அள்ளி மத்த மரத்து வேர்ல போடச் சொன்னாருங்க செல்வக்குமாரு. சொறி முழுசாப் போகாது. ஆனா வர்ற கொழுந்து தாங்கும். ஒரு மழை பொறுங்க. தாங்கலைன்னா நானே ஜேசிபிக்குச் சொல்றனுங்க."

"ஏனுங்க, எங்கிருந்து புடுங்கறதுங்க?" டிரைவர் கத்தினார். கதிர்வேல் ஜேசிபியை நோக்கி நடந்தான்.

தரணி காத்திருக்கவில்லை. கிழக்கு வரிசை மரத்தடியில் கொத்தி, சல்லி வேரும் மண்ணுமாக ஒரு கூடை அள்ளி, நடு வரிசை முதல் மரத்துக்குத் தூக்கிப்போனாள். மண்டியிட்டு, வேரருகே பறித்த குழிக்குள் கையை விட்டாள். புறங்கை அம்பு மண்ணுக்குள் மறைந்தது. பின்னால் ஜேசிபியின் இரைச்சல் நின்றது.