ஆளுக்கொரு போட்டோ

எங்க அண்ணன்கிட்ட பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம். ஆத்துல தூண்டில் போடுறவங்க சங்கத்துக்கு அவர்தான் தலைவர். என் வீட்டுக்காரர் படகு ஓட்டுறார். வெளியூர்லேர்ந்து வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய கெண்டை பிடிக்க வைக்கிறதுதான் எங்க பிழைப்பு. பிடிச்சதை யாரும் தின்ன மாட்டாங்க. தூக்கி வச்சு போட்டோ எடுத்துட்டு, திருப்பி ஆத்துலயே விட்டுடுவாங்க. அதுல ஒரு பெருமை.

இப்ப கொஞ்ச வருஷமா மீனே இல்ல. நாள் பூரா வெயில்ல காய்ஞ்சுட்டு வெறுங்கையோட வர்றவங்க, என்னமோ என் வீட்டுக்காரர் சட்டைப் பைல ஒளிச்சு வச்ச மாதிரி அவரை முறைக்கிறாங்க. மீன்துறை அதிகாரி சங்கக் கூட்டத்துக்கு வந்து, மூணு வருஷம் ஆத்துல தூண்டிலே போடாதீங்க, மிச்சம் இருக்கிறது பெருகட்டும்னு தன்மையாத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. மூணு வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி ஓட்டிடலாம். மீனே அத்துப் போயிட்டா படகை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

அண்ணன் கேட்டால்தானே. சங்கத்துச் சுவரைக் காட்டி, இத்தனை பேர் பிடிச்சிருக்காங்க, மீன் இல்லன்னு எவன் சொன்னான்னு குதிச்சார்.

சங்கம் எங்க வீட்டு மாடியில. அந்தப் போட்டோக்களுக்குத் தூசி தட்டுற வேலையும் என் தலையிலதான் விடிஞ்சுது. அதனால பார்த்திருக்கேன். சமீபத்துல மாட்டின எல்லாத்துலயும் வாலோட மேல்நுனி கடிச்செடுத்த மாதிரி இருக்கும், பக்கத்துல செதில் இல்லாம ஒரு வெள்ளைத் தழும்பு. ஆளுங்கதான் மாறி மாறிப் பல்லைக் காட்டுறாங்க. கையில இருக்கிற மீன் ஒண்ணே ஒண்ணு.

அதை எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதிகாரி எழுந்து போய் உத்துப் பார்த்துட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் முகம் சிறுத்துப் போச்சு. அப்புறம் பாருங்க, புத்தி எங்க மேயப் போச்சோ, அந்த மீனைப் பிடிச்சு போட்டோவோட வச்சுப் பார்த்துடலாம்னு கிளம்பிட்டார்.

"அண்ணே, இருக்கிறதே அது ஒண்ணுதான்னு சொல்றேன். அதைப் போய் பிடிக்கிறேங்கிறீங்களே!"

யார் காதுலயும் ஏறல. மச்சான் பேச்சைத் தட்டத் தெரியாத என் வீட்டுக்காரர், உச்சி வெயில்ல படகை நேரா ஒரு மடுவுக்கு விட்டார். அது எங்க கிடக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வெறுங்கையோட ஊர் திரும்ப வேண்டியிருக்கிறவங்களைக் கடைசியா அங்கதான் கூட்டிட்டுப் போவாராம். எங்க போய் முட்டிக்கிறது நான்?

பிடிச்சும் பிடிச்சாங்க. கரையில போட்டோவையெல்லாம் வரிசையா பரப்பி, அண்ணன் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா ஒப்பிட்டார். இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்புன்னு வேற. செவுள் திறந்து திறந்து மூடுது. தண்ணியில விடுங்கன்னு நான் கத்தினேன். இரு, இன்னும் ஒண்ணுதான்னார். அந்த ஒண்ணு, அவரே மீனைத் தூக்கிட்டு நிக்கிற போட்டோ.

அதைப் பார்த்ததும் அவசர அவசரமா முழங்கால் தண்ணியில இறங்கி மீனை விட்டார். அது பக்கவாட்டுல சாஞ்சுது. நிமிர்த்திப் பிடிச்சார். கையை எடுத்ததும் மறுபடி சாஞ்சுது.

"நீ சொன்னது சரிதாம்மா," அண்ணன் திரும்பிப் பார்க்காம சொன்னார். "மூணு வருஷம் ஆத்தை விட்டுடலாம்."

"எந்த மீனுக்கு அண்ணே?"

அண்ணன் அதை நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டே நின்னார்.