காவலுக்கு ஒரு கிழட்டு நாய்

மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய சாமான்களைப் பங்கு பிரிப்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை. கட்டில், அலமாரி, டிவி எல்லாம் மளமளவென்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. மேஜரிடம் வந்தபோதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மேஜர் அவர் வளர்த்த நாய். ஒரு கண்ணில் படலம் விழுந்திருந்தது. பின்னங்கால்கள் எழுந்து நிற்கவே தகராறு செய்தன. ஆனாலும் திமிர் மட்டும் குறையவில்லை. அதிலும் சின்ன மருமகளைக் கண்டால் அதற்கு ஆகவே ஆகாது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் கணுக்காலைக் கவ்விவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கும் அதைக் கண்டால் எரிச்சல்தான்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டுவாள். மாணவர்கள் அவளுக்கு 'பிரேக் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த நாயைக் குட்டியாக வாங்கிக்கொண்டு வந்தது நாத்தனார். அம்மா இறந்தபின் அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மடியில் கொண்டுவந்து போட்டாள். அத்தோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டாள். இப்போதும் அவளே ஏற்பாடு செய்தாள்.

"ஒருத்தர் எடுத்துக்கறேன்னு சொல்றார். பெரிய கிடங்கு வெச்சிருக்கார். ஓடியாட நல்ல இடமாம். உன்கிட்டதான் கார் இருக்கே, நீயே கொண்டுபோய் விட்டுடு."

சனியன் ஒழிந்தது என்று பிரேக் டீச்சரும் கிளம்பினாள்.

கிடங்கில் ஓடியாட இடமில்லை. சிமெண்டு மூட்டைகளுக்கும் இரும்பு கேட்டுக்கும் நடுவே ஒரு கம்பம் இருந்தது. அதில் ஒரு குட்டைச் சங்கிலி தொங்கியது. கிடங்குக்காரர் மேஜரின் வாயைத் திறந்து பார்க்கப் போய், கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன மேடம், ஏழு வயசுன்னாங்க. இது கிழடு!"

"ஏழுன்னு யாரு சொன்னா?"

"உங்க வீட்டு அம்மாதான், போன்ல. சரி, கொண்டுவந்துட்டீங்க. கட்டிட்டுப் போங்க. குரைக்கிற வரைக்கும் குரைக்கட்டும், அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அந்தச் சங்கிலிய உங்க கழுத்துல மாட்டிக்கிட்டு நீங்களே குரைங்க," என்று சொல்லிவிட்டு மேஜரை வாரித் தூக்கினாள். அது நன்றி பாராட்டவில்லை. அவள் சட்டைக் கையைக் கடித்துக் கிழித்தது. அதே கிழிந்த சட்டையோடு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போய் அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காமல் நின்றாள்.

"இதுக்கு ஏழு வயசா அண்ணி?"

"உண்மையச் சொன்னா யாரு எடுப்பா?"

"அப்ப நீங்க எடுங்க. நீங்க வாங்கின நாய்தானே?"

"அப்பாவுக்காக வாங்கினது. அப்பா போயாச்சு. இங்க கண்ட இடத்துல மூத்திரம் போனா யாரு கழுவறது?"

"உங்கப்பா போனது அதோட தப்பா?"

நாத்தனார் குரலை உயர்த்தினாள். "உனக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே! இப்ப என்ன திடீர்னு பாசம் பொங்குது?"

"பாசமா? இப்பவும் பத்திக்கிட்டுதான் வருது. பிடிச்சாத்தான் சோறு போடணும்னா, உங்க குடும்பத்துக்கு வந்த நான் என்னைக்கோ பட்டினி கிடந்து செத்திருப்பேன்!"

"அந்த நாயோட இனிமே இந்தப் பக்கம் வராதே."

"நாய் இல்லாமலும் வரமாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கணவன் கையைப் பிசைந்தான். "அக்கா போன்ல அழறா."

"அழட்டும். நீங்க பழைய துணி எடுத்துட்டு வாங்க, காரெல்லாம் ஈரம்."

அதற்குப் பிறகு அவளுக்கும் மேஜருக்கும் ஒத்துப்போனது என்று சொன்னால் அது பொய். மேஜர் அவள் போட்ட சோற்றைத் தின்னும், தின்றுகொண்டே உறுமும். அவள் திட்டிக்கொண்டே தரையைத் துடைப்பாள். நாய் டாக்டர் பார்த்துவிட்டு, "கோபமில்ல மேடம், வலி. பல்லெல்லாம் சொத்தை," என்றார். பிடுங்கினார்கள். வலி போயிற்று. கோபம் போகவில்லை. வெறும் ஈறால் அவள் கையைக் கவ்வியது.

சில மாதம் கழித்து, கோபம் ஆறிவிட்டிருக்கும் என்று நாத்தனார் தம்பியைப் பார்க்க வந்தாள். மேஜர் தள்ளாடி எழுந்து போய் அவள் கையை நக்கிற்று. இத்தனை நாள் கழுவித் துடைத்தவளுக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது.

"பாத்தியா, என்னை மறக்கவே இல்ல!" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மறக்கல. கூட்டிட்டுப் போங்க."

நாத்தனாரின் கை நாயின் தலையிலிருந்து மெல்ல விலகியது. காபி வருவதற்குள் கிளம்பிவிட்டாள். மேஜர் கதவருகே போய் முனகியது. "வெக்கங்கெட்ட ஜென்மம்," என்று திட்டிவிட்டு அதை இழுத்து வந்து படுக்கவைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அதன் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இனி இழுத்தடித்தால் அதற்குத்தான் வேதனை என்று டாக்டர் சொன்னார். கணவன் அக்காவுக்குத் தகவல் சொல்லியிருந்தான். அவள் வந்து, கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதாள். உள்ளே பிரேக் டீச்சர் மேஜரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கள வரச் சொல்லட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

அவளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. "வரச் சொல்லுங்க. அதுக்கு அவங்களப் பிடிக்கும்."

டாக்டர் கதவைத் திறந்து கூப்பிட்டார். நாத்தனார் தலையை ஆட்டினாள். "ஐயோ, என்னால பாக்க முடியாது."

பிரேக் டீச்சர் நாயின் தலையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஊசி இறங்கி, மூச்சு அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. பிறகு போர்வையில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாத்தனார் கையை நீட்டினாள். அவள் ஒதுங்கி நடந்து, கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"கார் கதவைத் திறங்க. கனமா இருக்கான்."