ரெண்டு பக்கமும் நீலம்

அக்கா, வாய்ஸ் மெசேஜ் போடாம எழுத்தா அனுப்புறதுக்குக் காரணம் இருக்கு. மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்து ரப்பர் மாட்டியிருக்காங்க. நான் பேசினா யாரோ வாயைப் பொத்தின மாதிரி இருக்கும். அம்மா கேட்டா அப்படியே உட்கார்ந்துடுவாங்க. போனுக்கு எப்படியோ புரியுது, எழுதிடுது. நீ படிச்சுக் காட்டு.

சலவைக் கூடத்துல வழுக்கி, துணி வண்டியோட இரும்பு விளிம்புல மோவாய் இடிச்சு விழுந்தேன்ல, அது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில தையல் போட்டு, தலையைப் படம் எடுத்து, ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் இடது காதுக்கு முன்னாடி வலி. காது டாக்டர் உள்ள விளக்கு அடிச்சுப் பார்த்தார். காது சுத்தமா இருக்குன்னு மாத்திரை குடுத்தார்.

ரெண்டு இடத்துலயும் நான் ஒண்ணைச் சொல்லவே இல்லை. வாயை மூடினா பல்லு சேரலை. பல்லு விஷயம் பல் டாக்டருக்கு, இவங்ககிட்ட எதுக்குன்னு நானே பங்கு பிரிச்சுட்டேன். அவங்களும் கேக்கலை.

ரூம்ல கூட இருக்கறவன் ஓயாம பேசுவான், ரேடியோன்னுதான் கூப்பிடுவோம். முன்பல்லால கடிக்க வராம நான் ரொட்டியைப் பிச்சுப் பிச்சு வாயில போடுறதைப் பார்த்துட்டு, "டேய், சாப்பிடுறியா, ரொட்டிகிட்ட கெஞ்சுறியா?"ன்னான். அவன் தொல்லை தாங்காமத்தான் தெருமுனை பல் டாக்டர்கிட்ட போனேன்.

அந்தம்மா நீலக் காகிதம் ஒண்ணைப் பல்லுக்கு நடுவுல வச்சு கடிக்கச் சொல்லி, கண்ணாடியில காட்டினாங்க. இடது கடைவாய்ப் பல்லுல மட்டும் நீலம். மத்ததெல்லாம் வெள்ளை. "இது பல்லு இல்லப்பா, தாடை எலும்பு. காதுகிட்ட உடைஞ்சிருக்கும்போல. இப்படியே ஒட்டிக்கிட்டா கடி கோணலாவே நின்னுடும். சீக்கிரம் போ"ன்னு முகம், தாடைக்கு ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அதே ஆஸ்பத்திரிதான் அக்கா! தையல் போட்ட அறைக்கு நேர் மேல் மாடி.

அவர் படம் எடுத்தார். உடைஞ்சுதான் இருந்துச்சு. "மோவாய்ல அடின்னு யார் வந்தாலும் பல்லு சேருதான்னு ஒரு வார்த்தை கேளுங்கன்னு கீழ சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்"னார், என்கிட்ட இல்ல, நர்ஸ்கிட்ட. காதுக்கு முன்னாடி கீறி, எலும்பை நேராக்கி, தகடு வைக்கணுமாம்.

அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ போட்டு, பல் டாக்டரம்மா இவர்கிட்ட அனுப்பினதைச் சொன்னேன். நீ வேலைக்குப் போயிருந்தே. சண்டைன்னு மட்டும்தான் உன்கிட்ட சொல்லியிருப்பாங்க.

"பல்லு பிடுங்குறவரு எதுக்குடா கத்தியை எடுக்குறாரு? நான் சரின்னு சொல்லாம கையெழுத்து போட்டே, அப்புறம் இருக்கு உனக்கு"ன்னாங்க.

பின்னாடி இருந்து மாமா, "மச்சான், அப்போ கண்ணாடிக் கடைக்காரர் கண்ணு ஆபரேஷன் பண்ணுவாரா?"ன்னு சிரிக்கிறார்.

அந்த நேரம் டாக்டர் உள்ள வந்துட்டார். அம்மா விடலை. "அவர் பல் டாக்டரா, நிஜ டாக்டரா? கேளு!"

அவருக்குத் தமிழ் தெரியாது, கொஞ்சம் மரியாதையா மாத்திக் கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிஞ்சிடுச்சு.

"முதல்ல பல்லுக்குப் படிச்சேன். அப்புறம் முகத்துக்கும் தாடைக்கும் ஆபரேஷன் பண்ணப் படிச்சேன். பல்லு எங்க சேரணும்னு தெரிஞ்சாத்தானே எலும்பை எங்க நிறுத்தணும்னு தெரியும்?"

சொன்னேன். மாமாகூட சிரிக்கலை.

"முகம் கோணிடுமான்னு கேளு."

"காதுகிட்ட ஒரு கோடு தெரியும். புருவம் கொஞ்ச நாள் சோம்பேறியா இருக்கலாம், பெரும்பாலும் சரியாயிடும். ஆனா இப்படியே விட்டா கடி நிச்சயம் கோணலாத்தான் நிக்கும்."

இந்தத் தடவை எதையும் மாத்தாம சொன்னேன். அம்மா, "கையெழுத்தைப் போட்டுத் தொலை"ன்னுட்டு போனை மாமா கையில திணிச்சுட்டுப் போயிட்டாங்க. கோபமா அழுகையான்னு தெரியலை.

ஆபரேஷன் முடிஞ்சுது. இடது புருவம் இன்னும் முழுசா தூக்க வரலை. அதையும் அம்மாகிட்ட சொல்லிடு, மறைக்காதே. இன்னைக்கு காலையில ரப்பரைக் கழட்டி அதே மாதிரி காகிதத்தை வச்சு கடிக்கச் சொன்னார். ரெண்டு பக்கமும் நீலம். ரப்பரைத் திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி பல்லை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பெருசு பண்ணி அம்மாவுக்குக் காட்டு.

மாமாகிட்ட சொல்லு, கண்ணாடிக் கடைக்காரர் நல்லாத்தான் பண்ணியிருக்கார்.