முப்பத்தோராவது காப்பிக்கொட்டை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஒன்றிய அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் அன்று பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டு, "மரியசெல்வி, மூணு ஊர்க்காரங்களையும் நீங்களே உக்கார வெச்சு முடிச்சிருங்க, உங்களுக்குன்னாத்தான் பயப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு, காலைப் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிப் போனார். அவருக்கு அங்கே மீட்டிங். எனக்கு இங்கே முப்பத்தொரு வீடு.

எண்பத்தாறாம் வருஷம், டிசம்பர் மாதம். ஏழைகளுக்குக் கட்டித்தர எங்கள் மலைக்கு முப்பத்தொரு தொகுப்பு வீடுகள் ஒதுக்கியிருந்தார்கள். வாழவந்தி, கரடியூர், பலாக்காடு ஆகிய மூன்று ஊர்களுக்கும் சேர்த்து. எந்த ஊருக்கு எத்தனை என்பதை ஊர்க்காரர்களே பேசி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் நாலு மணி பஸ்ஸில் தபால் பையோடு கீழே போக வேண்டும். போகாவிட்டால் மொத்த வீடும் வேறு ஒன்றியத்துக்குப் போய்விடும். முப்பத்தொன்றை மூன்றால் வகுத்தால் மிச்சம் ஒன்று நிற்கும் என்பதுகூடத் தெரியாமல் இந்த எண்ணை எழுதியவர் யாரோ, அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாரோ.

இரண்டு மணிக்கு மூன்று ஊர்த் தலைவர்களும் வந்தார்கள். வாழவந்திக்கு ஆறுமுகம், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கூடவே மச்சினன் சின்னையன் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான். கரடியூருக்கு மாதையன், ஒண்டிக்கடை பஜாரில் ஒரு வியாபாரிக்குக் காட்டுவதற்காகக் காப்பிக்கொட்டை கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தார். பலாக்காட்டுக்கு ராசாத்தி. அவள் பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, இங்கே காப்பி கொடுப்பார்களா என்று.

அவர்களுக்குப் பின்னாலேயே அமலியும் வந்து நின்றாள். பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. ஐந்தாவது முறை வருகிறாள்.

அமலி பிறந்ததும் வளர்ந்ததும் கட்டிக்கொண்டதும் எஸ்டேட் லைனில், தோட்டக் கூலிகளின் குடியிருப்பில். எஸ்டேட் கைமாறுகிறது, லைனை இடிக்கப் போகிறார்கள், கிறிஸ்மஸுக்குள் காலி செய்ய வேண்டும். புருஷன் ஏசுராஜுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது, தங்க இடம்தான் கிடைக்கவில்லை. அவளுக்கோ ஏழு மாதம். வீடு கேட்டு மனுவோடு வருவாள். மனுப் படிவத்தில் முதல் கட்டம், ஊர். நான் "எந்த ஊரு?" என்பேன். அவள் "எஸ்டேட் லைனுங்க்கா" என்பாள். "அது ஊர் இல்லம்மா" என்று மனுவைத் திருப்பிக் கொடுப்பேன். நாலு முறையும் இதே பேச்சு. ஏதாவது ஊர்த் தலைவரைப் பிடி என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். மூன்று பேரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். மூன்று பேரும், நீ எங்க ஊர் இல்லையே கண்ணு என்று அன்பாகவே சொல்லிவிட்டார்கள்.

"இன்னைக்கு மீட்டிங் இருக்குது, அப்புறம் வா" என்றேன்.

"நிக்கறேனுங்க்கா. பேசி முடிங்க."

"நின்னா கால் வீங்கிக்கும், இங்க வந்து உக்காரு சாமி" என்று ராசாத்தி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அமலி உட்காரவில்லை. உட்கார்ந்தால் போகச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ. ஆனால் ராசாத்தி நகர்ந்ததை அவள் பார்த்துக்கொண்டாள்.

நான் ஊர்வாரி வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தேன். வாழவந்தி தொண்ணூற்றிரண்டு வீடு, கரடியூர் நாற்பத்தொன்று, பலாக்காடு முப்பது.

"அப்ப எங்களுக்குப் பாதிக்கு மேல வந்துருச்சுங்களே" என்று ஆறுமுகம் பேனாவைத் திறந்தார்.

"ஏனுங்க, தொண்ணூத்தி ரெண்டு ஊடு எங்கீங்க இருக்குது உங்க ஊர்ல?" என்றார் மாதையன். "மாட்டுக் கொட்டாயி, காப்பி குடோனு, கோழிக் கூண்டு அத்தனையும் சேத்துல்ல சொல்லியிருக்கறீங்க."

"கூரை இருந்தா ஊடுதானுங்க. எத்தன ஊடுன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"என்ற ஊட்டுல நாங்க அண்ணந்தம்பி மூணு பேரு, மூணு குடும்பம். அதைய ஒண்ணுன்னு எழுதியிருக்குது. உங்க கோழிக்கு ஒரு ஊடு, எங்க மூணு குடும்பத்துக்கும் ஒரு ஊடு. நல்லா இருக்குதுங்க நாயம்."

அரை மணி நேரம் இதே சண்டை. ஆறுமுகம் இருபதிலிருந்து இறங்கவில்லை. மாதையன் பதினைந்துக்குக் குறைந்தால் கையெழுத்தே இல்லை என்றார். நான் மேஜையைத் தட்டிப் பார்த்தேன். பி.டி.ஓ. சொன்னது பொய். யாரும் பயப்படவில்லை.

காப்பி வந்து குடித்து முடித்தபிறகுதான் ராசாத்தி வாயைத் திறந்தாள். "ஊட்டை எண்ணுனா எப்படிங்க சரியா வரும்? அடுப்பை எண்ணுங்க."

நான் விழித்தேன். அவள் விளக்கினாள். கோயில் திருவிழாவுக்கு மூன்று ஊர்களும் அடுப்புக்கு ஒரு படி சாமை கொடுப்பது வழக்கம். தனியாக உலை வைக்கிற குடும்பம் ஒவ்வொன்றும் ஓர் அடுப்பு. ஒரே கூரையில் மூன்று அடுப்பு எரியலாம். கோழிக்கூண்டில் எரியாது.

"வாழவந்தி எத்தன அடுப்புங்க?" என்று ராசாத்தி கேட்டாள். ஆறுமுகம் கூரையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். என்னிடம் பொய் சொல்லலாம், சர்க்காரிடம் சொல்லலாம். சாமிக்கு அளந்த சாமையில் சொல்ல முடியாது. "அறுவதுங்க" என்றார், பல் பிடுங்கிய குரலில்.

கரடியூர் ஐம்பத்தைந்து. பலாக்காடு முப்பத்தைந்து. ஆக நூற்றைம்பது.

"கறி கூறு போடறாப்பல போட்டுரலாமுங்க" என்று மாதையன் பொட்டலத்தைப் பிரித்து முப்பத்தொரு காப்பிக்கொட்டைகளை எண்ணி என் மேஜையில் வைத்தார். ஒரு கொட்டை ஒரு வீடு; அஞ்சு அடுப்புக்கு ஒரு கொட்டை. ராசாத்திதான் பங்கு வைத்தாள். வாழவந்திக்குப் பன்னிரண்டு, கரடியூருக்குப் பதினொன்று, பலாக்காட்டுக்கு ஏழு. மூன்று கூறுகளையும் மூன்று பேரும் மாறி மாறி எண்ணிப் பார்த்தார்கள். யாருக்கும் குறை சொல்ல வரவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் மேஜை நடுவில் ஒரு கொட்டை மிச்சம் கிடந்தது.

மணி மூன்றேகால். அந்த ஒற்றைக் கொட்டைக்கு ஆரம்பித்தது அடுத்த சண்டை. பெரிய ஊருக்குத்தான் என்றார் ஆறுமுகம். ஏமாந்த ஊருக்குத்தான் என்றார் மாதையன். சின்ன ஊருக்குத்தான் என்றாள் ராசாத்தி. மூன்றே முக்கால் ஆகிவிட்டது. கீழே பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அப்போது ஆறுமுகத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கூறுன்னு வந்தாச்சு, கூறு முறைப்படியே முடிச்சுக்கலாமுங்க" என்றார் பெரிய மனசோடு. "கறி போடறப்ப பங்காளிக போக மிஞ்சறது யாருக்குங்க? கூறுக்குப் பக்கத்துல சும்மா நிக்கற ஆளுக்கு. நின்னவனை வெறுங்கையோட அனுப்பப்படாது. முறைதானுங்களே?"

"முறைதானுங்க" என்றார் மாதையன், யோசிக்காமல்.

"நீங்களும் சொல்லுங்க ராசாத்தி."

"முறைதான்."

ஆறுமுகம் கொட்டையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். நிலையில் சாய்ந்திருந்த மச்சினனுக்குக் கொடுத்துவிட்டால் அதுவும் வாழவந்திக் கணக்கில் சேர்ந்துவிடும். மனிதர் மூளையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் வாசலில் சின்னையன் இல்லை. பஜ்ஜி தின்னப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

நின்றுகொண்டிருந்தது அமலி மட்டும்தான்.

ஆறுமுகம் கையில் கொட்டையோடு அப்படியே நின்றார். முதலில் சிரித்தது ராசாத்தி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மாதையன். ஆறுமுகமும் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்.

"குடுங்க, முறை உங்க வாயில வந்துதுதானுங்களே" என்றாள் ராசாத்தி. "பாக்கப்போனா புள்ளத்தாச்சிக்கு ரெண்டு கூறு. வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு."

"இன்னொண்ணுக்கு நான் எங்கீங்க போவேன்?" ஆறுமுகம் நிஜமாகவே பயந்துவிட்டார்.

"பயந்துக்காதீங்க. அது தனியா அடுப்பு மூட்டறதுக்கு இன்னும் இருவது வருசம் கெடக்குது."

ஆறுமுகம் கொட்டையை அமலியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். கிறிஸ்மஸ் மாதத்தில் ஒரு பிள்ளைத்தாச்சியை, மாதாவுக்குக் கதவைச் சாத்திய சத்திரக்காரனைப் போல, நாலு முறை இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லாரையும் விட்டு அந்தக் கோபம் இப்போது என் மேலேயே திரும்பியது.

காகிதத்தை டைப் மெஷினில் செருகினேன். அமலியின் வீட்டை எந்த ஊர்க் கணக்கில் அடிப்பது? அதுவரை எங்க ஊர் இல்லை என்றவர்கள் இப்போது அவளைப் பங்கு போட ஆரம்பித்தார்கள்.

"எங்கூருக்கு வந்துரு கண்ணு, பஸ்ஸு ஊட்டு வாசல்ல நிக்கும்" என்றார் ஆறுமுகம்.

"எங்கூருத் தண்ணி நொம்ப நல்ல தண்ணி சாமி" என்றார் மாதையன்.

ராசாத்தியோ, நின்று நின்று வீங்கியிருந்த அமலியின் காலைப் பார்த்து, பெஞ்சில் மறுபடியும் நகர்ந்து இடம் விட்டாள். இந்த முறை அமலி உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன் நான். அன்றைக்கு முதல்தடவையாக என் பேச்சுக்குப் பயந்தார்கள். அமலியின் பக்கம் திரும்பினேன். நாலு முறை கேட்ட அதே கேள்விதான். ஆனால் அவளிடம் அதுவரை நான் மரியாதைக்கு ஒரு 'ங்க' போட்டதில்லை.

"எந்த ஊருங்க அமலி?"

அவள் உள்ளங்கையில் கொட்டையை இறுக்கி மூடிக்கொண்டாள். கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். மாதையன் எழுந்து ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, இருங்க இருங்க என்று கத்தினார்.

"இன்னொருக்கா கேளுங்க்கா" என்றாள் அமலி.

கேட்டேன். "நீங்க எந்த ஊருங்க?"

"பலாக்காடுங்க" என்றாள்.

பலாக்காடு என்ற பெயருக்கு எதிரே எட்டு என்று அடித்தேன்.