மூன்று வீட்டுக்கு ஒரு பாய்லர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் கதவு இடுக்கில் செருகியிருந்தது. எங்கள் ஊர் சிவாஸில் ஜனவரி மாதம், வாசலில் யாரோ கொட்டிய தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்து கிடந்த ஒரு காலையில், எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவர் மாடி மாற்றிச் செருகிவிட்டுப் போன பில் அது. கீழ்வீட்டு ரிஃப்கியின் பெயர் போட்டிருந்தது. அடுத்தவர் பில்லைப் படிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். படித்தேன். ஐயாயிரத்துச் சொச்சம் லிரா. போன வருஷம் இதே மாதம் எரித்ததைப்போல் இரண்டரை மடங்கு என்று அந்தத் தாளே படம் போட்டுக் காட்டியது.

பூனைபோல இறங்கிப் போய் அவர்கள் கதவில் செருகிவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரைக்கும் என்னை நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டிருங்கள். எனக்கு அது வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "சிவாஸ் நகரத்தின்மேல் பனி பெய்துகொண்டிருந்தது."

(வேண்டாம். இந்த ஊரில் ஜனவரியில் பனி பெய்தது என்று எழுதுவதும் கடலில் தண்ணீர் இருந்தது என்று எழுதுவதும் ஒன்று.)

இரண்டாவது தொடக்கம்: "குலிஸார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஏழைகளின் வாழ்க்கையில் எண்கள் எப்போதுமே—"

(சீ! நல்லவேளை, பாதியில் நின்றது. ரிஃப்கியின் மனைவி குலிஸார் ஏழை இல்லை. ரிஃப்கி முப்பது வருஷம் சிவாஸுக்கும் இஸ்தான்புல்லுக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். அவருடைய ஓய்வூதியத்தில் இருவரும் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறார்கள். அந்த ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு தாள் கேட்கிறது. அவ்வளவுதான் விஷயம்.)

மூன்றாவது. இதுவே இருந்துவிட்டுப் போகட்டும்:

குலிஸார் பில்லைச் சமையலறை மேசையில் வைத்து, அதன்மேல் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்தாள். பறந்து போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். போனால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"எவ்வளவு வந்திருக்கு?" உள்ளறையிலிருந்து ரிஃப்கி கேட்டார்.

"ஒண்ணுமில்ல. எப்பவும் வர்றதுதான்."

"எப்பவும் வர்றதுக்கா 'அல்லாவே'ன்னு கத்தினே?"

"காலு மேசையில இடிச்சுக்கிச்சு."

"பாய்லரை அணைச்சிடு குலிஸார். நான் ரெண்டு கம்பளி போத்திக்கிறேன். இந்தப் பனியில முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான்."

"ஓட்டினீங்க. அப்ப நெஞ்சுக்குள்ள நுரையீரல்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப இருக்கறது ஓட்டை பலூன். பேசாம படுங்க."

பேசினால் அவருக்கு இருமல் வரும். சிரித்தாலும் வரும். அவருடைய மூச்சுக்குழாய்கள் குளிர்க்காற்றைக் கண்டால் சுருங்கிவிடுகின்றன. அறையில் இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன பிப்ரவரியில் இறங்கியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு முறை வந்தால் என்ன ஆகும் என்று குலிஸார் கேட்டதற்கு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

இந்த வீட்டை வாங்கும்போது நடு மாடிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் ரிஃப்கிதான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது: வீட்டுக்கு வீடு தனி எரிவாயு பாய்லர், அது காய்ச்சும் வெந்நீர் சுவரோர ரேடியேட்டர்களில் ஓடித்தான் அறை சூடாகும். மேல் மாடிக்காரனுக்குக் கூரைக் குளிர், கீழ் மாடிக்காரனுக்கு மண்ணின் குளிர். நடு மாடிக்காரனுக்கு மேலேயும் அடுத்தவன் எரிப்பான், கீழேயும் அடுத்தவன் எரிப்பான். வாடகை விளம்பரத்தில்கூட 'நடு மாடி' என்பதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கினார். "ராணி மாதிரி இருக்கப் போறே" என்று அன்றைக்கு அவளிடம் சொன்னார்.

3

மீட்டர் பொய் சொல்கிறது என்று குலிஸார் முடிவுகட்டினாள். நீங்களும் நானும் அப்படித்தான் முடிவுகட்டுவோம். அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். நான்காம் நாள் ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மீசையில் பனித்துகள். (இவருக்குப் பெயர் வைக்கலாமா என்று யோசித்தேன். ஒரு பக்கம்தான் வருகிறார், விடுங்கள்.)

மீட்டரை அரைமணி நேரம் சோதித்தார்.

"மீட்டர் சுத்தமா இருக்கு அக்கா."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?"

அவர், குலிஸார் கொடுத்த வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு கூடத்தின் நடுவில் போய் நின்றார். பிறகு குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, கூரையிலும் வைத்துப் பார்த்தார்.

"கீழ யாரு?"

"நெரிமான் அக்கா. புருஷன் இல்லாதவங்க."

"மேல?"

"தெவ்ஃபிக்னு ஒருத்தர்.* ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டு பேருமே எரிக்கல. தரையும் ஐஸு, கூரையும் ஐஸு. உங்க பாய்லர் மூணு வீட்டுக்கு உழைக்குது அக்கா. பில்லு மட்டும் ஒரு வீட்டுக்கு வருது."

"இதைப் புகாரா எழுதிக்கோங்க."

"இதுக்கு எங்ககிட்ட படிவம் கிடையாது," என்றார் அவர். தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று குலிஸார் சொன்னாள். குடித்துவிட்டுப் போனார்.

* தெவ்ஃபிக்: மூன்றாம் மாடிக்காரர். காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா. தனியாள், கஞ்சன். கதைக்குத் தேவைப்பட்டதால் நானே உண்டாக்கிய ஆள். நிஜத்தில் மூன்றாம் மாடியில் இருப்பது— சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

4

கீழ் மாடி நெரிமானை முதல் வரைவில் நான் கெட்டவளாக எழுதியிருந்தேன். கையில் தங்க வளையல், நாக்கில் விஷம், வங்கியில் சேமிப்பு. எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. அப்புறம் குலிஸார் பார்த்ததை அவளே என்னிடம் சொன்னாள், என் இரண்டு பக்கங்களும் வீணாயின.

நெரிமான் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். வீட்டுக்குள்ளேயே ஓவர்கோட் போட்டிருந்தாள்.

"நீங்க பாய்லரே எரிக்கறதில்லையாமே அக்கா?"

"எவன் சொன்னான்?"

"எங்க வீட்டுத் தரை சொல்லுச்சு."

"என் வீடு. எரிப்பேன், எரிக்காம இருப்பேன். உன் வாசல்ல வந்து நெருப்பு குடுன்னு நின்னேனா?"

"நிக்கல. கேக்காமலே எடுத்துக்கறீங்க. அது என் புருஷனோட மூச்சு அக்கா!"

"எடுத்துக்கிட்டேனா?" நெரிமான் கதவை விரியத் திறந்தாள். "வா, உள்ள வா. எங்க இருக்கு உன் சூடு? கூரையில ஒட்டிக்கிட்டிருக்கும், ஸ்டூல் போட்டு எடுத்துக்கோ. பை வேணுமா, பை தரட்டுமா?"

குலிஸார் நிஜமாகவே உள்ளே போனாள். கோபம் அவளை இழுத்துக்கொண்டு போனது. சமையலறை வரைக்கும் போனவள் அங்கே நின்றுவிட்டாள். மீட்டருக்கு வரும் குழாயில் கம்பி சுற்றி, சிவப்பு முத்திரை வைத்திருந்தார்கள். நவம்பர் மாதத் தேதி. பில் கட்ட முடியாததால் இணைப்பையே துண்டித்துவிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் முகாம்களில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன அடுப்பு. அதன்மேல் தேநீர்க் கெண்டி.

"பாத்தியா?" என்றாள் நெரிமான். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. "பாத்தாச்சுல்ல. போ. யார்கிட்டயும் சொல்லிடாதே."

குலிஸார் படியேறினாள். சண்டை போடுவதற்கென்று கிளம்பி வந்த கோபம் அப்படியே கையில் இருந்தது, இறக்கி வைக்க இடமில்லை. தன் வீட்டு வாசலில் நிற்காமல் இன்னொரு மாடி ஏறினாள்.

5

தெவ்ஃபிக் கதவைத் திறந்தார். அவருடைய கஞ்ச முகத்தில்—

(இல்லை. இதற்குமேல் முடியாது.)

தெவ்ஃபிக் என்று ஒருவரும் கிடையாது. மூன்றாம் மாடியில் இருப்பது நான். நவம்பரிலிருந்து என் பாய்லரை நான் எரிக்கவில்லை. பணம் இல்லாமலா என்றால், இருக்கிறது. அதுதான் கேவலம். ஒரு நாள் மறதியாக எரிக்காமல் விட்டேன். வீடு அப்படியொன்றும் குளிரவில்லை. மறுநாளும் விட்டுப் பார்த்தேன். கீழேயிருந்து வருகிறது என்று புரிந்தது. சும்மா வருவதை எதற்கு வேண்டாம் என்று சொல்வது? யாருடைய சட்டைப் பையிலும் நான் கை விடவில்லையே! இப்படியே இரண்டு மாதம் என்னோடு நானே பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பில் என் கதவில் வந்து நின்ற அன்றைக்கு மணியடிக்காமல் செருகிவிட்டு வந்தது இதனால்தான்.

"வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் குலிஸார். பேனா பிடிப்பவன் எல்லோரும் அவளுக்கு வாத்தியார்தான். "உங்க பாய்லர் எரியுதா?"

"கெட்டுப் போச்சும்மா," என்றேன். "ஆள் வரச் சொல்லி ரெண்டு வாரமாச்சு. இன்னிக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு இழுத்தடிக்கிறான்."

இந்தக் கதையில் எத்தனை வாக்கியங்களை அடித்திருக்கிறேன் என்று பார்த்தீர்கள் அல்லவா? அந்த வாக்கியங்கள் மட்டும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தன.

"ஐயோ! இந்தக் குளிர்ல பாய்லர் இல்லாமயா உக்காந்திருக்கீங்க?" அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் வேற சண்டை புடிக்கலாம்னு வந்தேன் பாருங்க, எனக்கு அறிவே இல்ல."

அரைமணி நேரத்தில் பருப்பு சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

6

இதற்குப் பிறகு கதை எப்படி வேண்டுமானாலும் போகலாம். எழுதிப் பார்த்தவை:

(அ) மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பில்லைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நெரிமான் பலகாரம் செய்து எடுத்து வருகிறாள். இதற்கு நெரிமான் அந்தச் சிவப்பு முத்திரையைப் பற்றி வாய் திறக்க வேண்டும். நான் என் பாய்லரைப் பற்றித் திறக்க வேண்டும். இரண்டு பேரும் திறக்க மாட்டோம்.

(ஆ) அன்றைக்குச் சாயங்காலமே நான் எழுந்துபோய் என் பாய்லரைப் போடுகிறேன். என் தரை சூடாகிறது, அவர்கள் கூரை சூடாகிறது, கதை முடிந்தது. ஒரு விரல் போதும்.

நடந்தது என்னவென்றால், குலிஸார் சிக்கனத்தில் இறங்கினாள். கூடத்திலும் சமையலறையிலும் ரேடியேட்டர்களை மூடிவிட்டு, ரிஃப்கியின் அறையில் மட்டும் திறந்து வைத்தாள். ஆனால் சுற்றிலும் ஐஸாக இருக்கும்போது ஓர் அறை மட்டும் எத்தனை நேரம் தாங்கும்? அவர் சாமர்த்தியமாக, "வேர்க்குதுடி, குறை" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாராம். எட்டாம் நாள் மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. எங்கள் படிக்கட்டு குறுகல். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நான் பிடித்தேன். ரிஃப்கியின் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து, "வாத்தியாரே, பாத்து... வளைவுல மெதுவா..." என்றார். நெரிமான் கதவைத் திறந்து, போர்த்தியிருந்த சால்வையை எடுத்து அவர்மேல் போட்டாள்.

(இ) ரிஃப்கி இறந்துபோகிறார். இதை அவர் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே எழுதினேன். இரண்டரைப் பக்கம். நன்றாக வந்திருந்தது. அது நன்றாக வந்திருந்ததற்காகவே கிழித்துப் போட்டேன்.

7

இன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்காவது நாள். காலையில் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த குலிஸார் மேலே ஏறி வந்தாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் அவள் கையிலிருந்த பையைப் பார்த்தேன்.

"எப்படியிருக்கார்?"

"மெஷின் மூச்சு விடுது. அவர் பக்கத்துல சும்மா படுத்திருக்கார்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார் வாத்தியாரே."

"சரியாயிடும்மா."

"சரி, நான் வந்த விஷயம். நான் அங்கயே கெடக்கறேன், வீடு பூட்டித்தான் இருக்கும். பாய்லரை அணைச்சிட்டுப் போகலாம்னு கைய வெச்சிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. கீழ அந்தக்கா இருக்கு. மேல நீங்க இருக்கீங்க, உங்க பாய்லர் வேற கெட்டுக் கெடக்கு. எல்லா ரேடியேட்டரையும் தெறந்து விட்டிருக்கேன். அவருக்குன்னு எரிக்கறதுதானே, யாருக்காச்சும் ஆகட்டும். அந்தப் புண்ணியத்துல அவர் எழுந்து வரட்டும்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ரிப்பேர்காரன் வந்தானா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு வர்றேன்னான்," என்றேன்.

ஆமாம். மறுபடியும்.

அவள் இறங்கிப் போய்விட்டாள். வாசகரே, உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. என் பாய்லர் சமையலறையில் இருக்கிறது, அதற்கு ஒரு கோளாறும் இல்லை. பொத்தானை அழுத்த வைப்பதோ, அவள் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்ல வைப்பதோ உங்கள் பாடு. என்னை நம்பி இதை விடாதீர்கள். அடுத்த வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். என்னுடைய கடைசி வாக்கியம் இதுதான்: அவள் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, அறை சூடாகிவிட்டது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புழுக்கம் தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தேன்.